வாய்ப்பூட்டை உடைக்க வாருங்கள், தோழர்களே!

கேமரன் மலையின் கம்போங் ராஜா சந்தியிலும், புளூ வேலித் தேயிலைத் தோட்டத்திலும், சுற்றியுள்ள காய்கறி, பூத்தோட்டங்களிலும் உழைக்கும் தோழர்களே,

மே 18 நெருங்கிவிட்டது. 2009இல் ஈழப் போரின் முடிவில் முள்ளிவாய்க்கால் மணலில் மாண்டவர்களுக்கு நாம் விளக்கேற்றும் நாள். கூட்டத்துக்கு இடம் பார்ப்பதற்குள்ளேயே, “நமக்கெதுக்குப்பா வம்பு?” என்ற பேச்சு கிளம்பிவிட்டது. பேசுபவர்கள் யாரோ அல்லர். நம்மோடு ஒரே லாரியில் வேலைக்குப் போகிறவர்கள், நம் வீட்டு நல்லது கெட்டதில் முன்னால் நிற்பவர்கள். ராக்கெட் கட்சியான ஜசெகவின் தோழர் சொல்கிறார்: “நம்ம ஆளுங்க அரசாங்கத்துல இருக்காங்க. இப்போ போய் அவங்களுக்குத் தலைவலி கொடுக்கணுமா?” தராசுக் கட்சியான பாரிசானின் தோழர் சொல்கிறார்: “அவங்க ஓட்டுக்காக ஈழம் பேசுனவங்க. அந்த வலையில நாம ஏன் விழணும்?” 2022 நவம்பருக்குப் பிறகு இவர்களின் தலைவர்கள் ஒரே அரசாங்கத்தில் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நம் கடை மேசையில் மட்டும் சண்டை ஓயவில்லை. இருவர் வாதமும் கடைசியில் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: வாயை மூடிக்கொண்டு இரு.

மூடிக்கொண்டு இருந்து பார்த்துவிட்டோம். என்ன கிடைத்தது?

2019 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். 10ஆம் தேதியும் 12ஆம் தேதியும் புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தின் பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு 12 பேரைப் பிடித்தது. விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்றது. அவர்களில் இருவர் ஜசெகவின் சட்டமன்ற உறுப்பினர்கள்: மலாக்கா காடெக் தொகுதியின் ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா தொகுதியின் பி. குணசேகரன். மற்றவர்களில் பலர் அன்றாடம் வேலைக்குப் போய்வந்த சாதாரண ஆட்கள். குற்றச்சாட்டுகளின் சாரம் என்ன? மலாக்காவில் நடந்த ஒரு நினைவுக் கூட்டத்தில் ஆதரவு காட்டினார்கள், கைப்பேசியிலும் முகநூலிலும் புலித் தலைவர்களின் படம் வைத்திருந்தார்கள் என்பதுதான். போர் முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தது. படத்தில் இருந்தவர்களே உயிரோடு இல்லை. ஆனாலும் சொஸ்மா பாய்ந்தது. விசாரணை இன்றி 28 நாள் வரை அடைத்து வைக்கலாம், வழக்குத் தொடுத்த பின் ஜாமீன் கேட்க முடியாது என்று சொல்லும் சட்டம் அது. அக்டோபர் 27 தீபாவளி. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் அப்பா இல்லாமல் அந்த நாளைக் கழித்தார்கள்.

அந்த வாரம் நம் ஊரில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை. காலை வேலைக்குப் போகுமுன் தே தாரேக் குடிக்க உட்கார்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைப்பேசியை எடுத்தார்கள். விரல் மேலும் கீழும் ஓடியது. அழி, அழி, அழி. ஒரு பெரியவர் தன் தாயாரின் கருமாதி அன்று எடுத்த படத்தையே அழித்துவிட்டார். பின்னால் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் பிரபாகரன் படம் இருந்ததாம். அவரிடம் தாயாரின் முகம் தெரியும் படம் வேறு இல்லை. அவரை யாரும் மிரட்டவில்லை. எந்தப் போலீஸ்காரரும் அந்தக் கடைக்கு வரவில்லை. கீழே எங்கோ 12 பேரைப் பிடித்தால் போதும், ஐயாயிரம் அடி உயரத்துத் தோட்டத்தில் ஒரு மகன் தன் தாயின் படத்தைத் தானே அழிப்பான். அந்தச் சட்டத்தின் உண்மையான வேலை இதுதான், தோழர்களே.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 29 அன்று சாமிநாதன் தொடுத்த மனுவில், ஜாமீனை மறுக்கும் சொஸ்மாவின் 13ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்ற நீதிபதி முகமட் நஸ்லான் தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21 அன்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் 12 பேர் மீதான வழக்குகளையும் கைவிட்டார். மாண்டுபோன தலைவர்களின் படத்தை வைத்திருப்பவரைப் பயங்கரவாதி என்று நிறுவ முடியாது என்பது அவர் எடுத்த முடிவு. பிப்ரவரி 24 அன்று பிரதமர் மகாதீர் பதவி விலகினார், அரசாங்கம் கவிழ்ந்தது. ஒரே ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால்? அந்தக் கையெழுத்தைப் போட நாற்காலியில் யார் இருந்திருப்பார்? பன்னிரண்டு குடும்பங்களின் வாழ்வு அத்தனை மெல்லிய நூலில் தொங்கியது. சொஸ்மாவோ அப்படியே நின்றது. அதன் பிறகும் அதே 13ஆம் பிரிவைக் காட்டி எத்தனையோ பேருக்கு ஜாமீன் மறுத்தார்கள்.

ராக்கெட் தோழரே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். 2018 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்தபோது, கொடுஞ்சட்டங்களை அகற்றுவோம் என்று எழுதியே கொடுத்தது. நம்பினோம். அந்தக் கூட்டணி ஆண்டபோதே, அந்தக் கூட்டணியின் சட்டமன்ற உறுப்பினர்களையே அந்தச் சட்டம் விழுங்கியது. நம் ஆட்கள் மேலே இருப்பதால் நமக்குப் பாதுகாப்பு என்று இனியும் எப்படிச் சொல்வீர்கள்?

தராசுத் தோழரே, நீங்களும் சிரிக்க வேண்டாம். 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர் உரிமை கேட்டு நடந்த இண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, அந்த இயக்கத்துக்குப் புலிகளோடு தொடர்பு என்று அன்றைய போலீஸ் படைத் தலைவர் மூசா ஹசான் சொன்னது பாரிசான் காலத்தில். டிசம்பர் 13 அன்று ஐந்து பேரை, விசாரணை இன்றி அடைக்கும் இசா சட்டத்தில், கமுந்திங் முகாமில் அடைத்ததும் பாரிசான் காலத்தில். அந்த ஐவரில் ஒருவரான மனோகரனை நம் கேமரன் மலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். 2008இல் சிறையில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷாவில் வென்றவர். 2013லும், 2018லும், 2019 ஜனவரி இடைத்தேர்தலிலும் நம் தொகுதியில் நின்றவர். நம்மில் சிலர் அவருக்காக வீடு வீடாக ஏறினோம், சிலர் அவரை எதிர்த்து ஏறினோம். ஓட்டு அவரவர் விருப்பம். ஆனால் இரண்டு காலத்திலும், இரண்டு ஆட்சியிலும், தமிழன் வாய் திறந்தால் ‘புலி’ என்ற ஒரே முத்திரையைத்தான் எடுத்தார்கள். ஆட்சி மாறியது, முத்திரை மாறவில்லை. அதை நாமும் கையில் எடுத்து ஒருவர் நெற்றியில் ஒருவர் குத்திக்கொண்டிருக்கிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை ஈழத்திலிருந்து சென்னை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழரைக் கொன்ற படைக்கு மாலை போட மாட்டேன் என்பது அவர் நிலை. தேசத் துரோகம் என்று ஏசினார்கள். 1991 ஜனவரி 30 அன்று, புலிகளுக்கு இடம் கொடுத்ததாகக் காரணம் காட்டி, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் ஆட்சியைக் கலைத்தார்கள். வைகோவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2002இல் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தபோது அவருடைய மதிமுக ஆளும் கூட்டணியில் இருந்தது, சட்டத்தை ஆதரித்தது. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று, ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து வந்திறங்கிய சென்னை விமான நிலையத்திலேயே, அதே பொடாவில் அவரைப் பிடித்தார்கள். 19 மாதம் வேலூர்ச் சிறை. வாய்வார்த்தையாக ஆதரவு தெரிவிப்பது மட்டுமே பயங்கரவாதக் குற்றமாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கம் சொல்ல வேண்டிவந்தது. மறு ஆண்டில் பொடாவே ஒழிந்தது. ஒழித்தது நீதிமன்றம் அல்ல. எல்லாக் கட்சியிலும் அடிபட்டவர்கள் இருந்தார்கள், எல்லாரும் கத்தினார்கள்.

“அது அடுத்த நாட்டுச் சண்டை” என்கிறீர்களே, தோழர்களே, எது அடுத்த நாடு? நம் அக்காமார் இங்கே கொழுந்து பறிப்பது போலவே ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் கொழுந்து பறித்தவர்கள் நம் மக்கள். ஒரே ஊர்களிலிருந்து ஒரு கப்பல் கொழும்புக்குப் போனது, இன்னொன்று பினாங்குக்கு வந்தது. எந்தக் கங்காணி முதலில் வந்து கூப்பிட்டான் என்பதே நம் தலைவிதியைப் பிரித்தது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. நம் தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசியோடு செத்துப்போன பாட்டன்மார் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், அவர்கள் வலி உங்களுக்குப் புரியும். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று ஆட்டைப் பங்கு பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1977 கலவரத்தில் லயங்கள் எரிந்தபோது, மலையை விட்டு வன்னிக்கு ஓடியவர்கள் ஏராளம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள். 2009இல் ஷெல் விழுந்தது அந்தக் குடிசைகள் மேலும்தான்.

முள்ளிவாய்க்காலில் செத்தவர்களில் கொழுந்து பறித்த கைகளும் இருந்தன, தோழர்களே. அந்தக் கடைசி மாதங்களில் பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. தலைமைச் செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. அரசே ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவித்த இடங்களில், மருத்துவமனைகளில் விழுந்த குண்டுகளைப் பற்றியும் எழுதியது.

அடுத்தவன் போர் நம் வாசலுக்கு வராது என்று நம்பியவர்கள் நம் பாட்டன்மாரும்தான். வெள்ளைக்காரனும் ஜப்பான்காரனும் அடித்துக்கொண்ட போர் அது. நம் ஆட்களை யாரும் யோசனை கேட்கவில்லை. 1942, 43இல் தீபகற்பத்துத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ரயிலில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதை. பசியிலும் காலராவிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டில் மடிந்தார்கள். பெயர்ப் பட்டியல் கூட இல்லாமல் போனார்கள். போரைப் பற்றிப் பேசத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன உரிமை என்று இனி யாராவது கேட்டால், இதைச் சொல்லுங்கள்.

இப்போது நம் நாடு செய்ததையும் பேசியாக வேண்டும். முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பதே நாளில், 2009 மே 27 அன்று, ஜெனிவா மனித உரிமை மன்றத்தில் இலங்கைக்கு ஆதரவான தீர்மானம் வந்தது. ஆதரித்த 29 நாடுகளில் மலேசியா ஒன்று. இந்தியாவும் ஒன்று. எதிர்த்தவை 12. 2012 மார்ச்சில் இலங்கையிடம் பொறுப்புக் கேட்ட தீர்மானம் வந்தபோது மலேசியா எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கியது. அப்போது அமைச்சரவையில் தராசுக் கூட்டணியின் மஇகாவும் இருந்தது. நம் வரிப்பணத்தில், நம் கொடியின் கீழ் உட்கார்ந்து போட்ட ஓட்டு அது. நம் பெயரால் போட்ட ஓட்டு தவறு என்று சொல்ல நமக்கு எவன் அனுமதி தர வேண்டும்?

இதே நாடு காசாவுக்காக எழுந்து நின்றது. 2023 அக்டோபர் 24 அன்று புக்கிட் ஜாலில் ஆக்சியாத்தா அரங்கில் பிரதமர் அன்வாரே மேடை ஏறிப் பேசினார். நான் அதை மனதார ஆதரிக்கிறேன். நம் கூட்டத்திலும் காசாவின் பிள்ளைகளுக்கு விளக்கு வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. “அவங்க நமக்காக அழுதாங்களா?” என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. வேண்டாம், இந்தக் கணக்கு. செத்த குழந்தைக்கு மதம் பார்த்து அழுகிறவன் நாளை தன் குழந்தைக்கு நீதி கேட்க நிற்க முடியாது. காசாவுக்குக் கத்துவது நாட்டுப்பற்று, முள்ளிவாய்க்காலுக்கு அழுவது பயங்கரவாதம் என்று இரண்டு படிக்கல் வைத்து நிறுப்பவர்களைத்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும். மலாய்த் தோழர்கள் பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்விக்குப் பலம்.

அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டுமானால் நாமும் முழு உண்மை பேச வேண்டும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைக் கையில் கிடைத்ததோடு விரட்டினார்கள். இரண்டும் புலிகள் செய்தவை. பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போருக்கு இழுத்ததும் நடந்தது. இதைச் சொன்னால் துரோகி என்று கத்தும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: அரசாங்கம் நமக்குப் போடும் வாய்ப்பூட்டை நாம் நமக்குள் போட்டுக்கொள்ளக் கூடாது. போரை விமர்சிப்பது என்றால் எந்தப் பக்கம் செய்த கொலையையும் கொலை என்று சொல்வது. அந்தத் துணிவு இல்லாத கூட்டத்தில் எனக்கு நாட்டம் இல்லை.

இன்னும் பக்கத்தில் பாருங்கள். தேயிலை வெட்டும் இயந்திரத்தின் ஒரு முனையை நம் தம்பி பிடிக்கிறான், மறு முனையை மியன்மார்த் தொழிலாளி பிடிக்கிறார். வரிசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், நடுவில் புதர். இருவரும் ஒரே அளவில் அடி வைத்தால்தான் வெட்டு சமமாக விழும். 2021 பிப்ரவரி 1 அன்று அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, இடைவேளையில் அவர் செய்யும் முதல் வேலை ஊருக்குப் போன் போடுவது. லைன் கிடைக்காத நாளில் அவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை. நம் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். அவருக்கும் இந்தக் கூட்டத்தில் ஒரு நாற்காலி போடுவோம்.

இனிச் செய்ய வேண்டியது. விசாரணை இன்றி 28 நாள் அடைக்க வழிசெய்யும் சொஸ்மாவின் 4(5) பிரிவு தானாக நீடிப்பது கிடையாது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை நாடாளுமன்றம் கை தூக்க வேண்டும். 2022 மார்ச் 23 அன்று மக்களவையில் அந்தத் தீர்மானம் 84க்கு 86 என்று தோற்றது! இரண்டே ஓட்டு. ஏராளமான உறுப்பினர்கள் அன்று அவையிலேயே இல்லை. அதே ஆண்டு ஜூலையில் மறுபடியும் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள். இப்போதைய நீட்டிப்பு 2027 ஜூலை 31 வரை. அதற்குள் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரின் மேசையிலும் மக்கள் குரல் விழ வேண்டும். இரண்டு ஓட்டில் ஒரு சட்டம் சாயும் என்று கண்ணால் பார்த்த பிறகு, கேமரன் மலையின் ஒரு ஓட்டு எந்த மூலைக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

நம் உறுப்பினர் ரம்லி முகமட் நோர் இந்த மண்ணின் மைந்தர், மக்களவைக்குப் போன முதல் ஒராங் அஸ்லி, முன்னாள் போலீஸ் அதிகாரி. அவர் கட்சி எதுவாக இருந்தால் என்ன? நம் மனு முதலில் அவர் சேவை மையத்துக்குப் போக வேண்டும். மனுவில் இரண்டே கோரிக்கை: 4(5) பிரிவுக்கு மீண்டும் உயிர் கொடுக்காதீர்கள், ஜெனிவாவில் இலங்கை விவகாரம் அடுத்து வரும்போது மலேசியா ஒதுங்கி நிற்காமல் பாதிக்கப்பட்ட மக்கள் பக்கம் ஓட்டுப் போட வேண்டும். அடியில் ராக்கெட் கிளைத் தலைவரும் தராசுக் கிளைத் தலைவரும் பக்கத்தில் பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் தோழர்களுக்கும் படி எடுத்து அனுப்புகிறோம்.

மே 18க்கு முந்தைய ஞாயிறு, மாலை நான்கு மணி, கம்போங் ராஜா கோவில் மண்டபம். கட்சிச் சட்டை வேண்டாம். கொடி வேண்டாம், இயக்கச் சின்னம் வேண்டாம், எந்தத் தலைவர் படமும் வேண்டாம். 2014 முதல் விடுதலைப் புலிகள் அமைப்பு இந்த நாட்டில் பயங்கரவாதப் பட்டியலில் இருக்கிறது. வழக்குப் போடக் காத்திருப்பவர்களுக்கு நாமே சாக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம். அன்று நாம் நினைப்பது மாண்ட மக்களை மட்டும். விளக்கும் எண்ணெயும் பெண்கள் பகுதி பார்த்துக்கொள்கிறது. வயதானவர்களை புளூ வேலி லயங்களிலிருந்து ஏற்றிவர மூன்றரை மணிக்கு வேன் வரும், மழை பெய்தாலும் வரும். பக்கத்து வீட்டு மலாய், சீனத் தோழர்களை ஆளுக்கு ஒருவராவது அழைத்து வாருங்கள். மனுவில் அடையாள அட்டை எண் எழுத வேண்டும், ஐசியை மறக்காமல் கொண்டுவாருங்கள்.